மூச்சில் தெரியும் படம்

மூச்சு முட்டுகிறது என்கிறார் நோயாளி. நுரையீரலில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறது சி.டி. ஸ்கேன். கோவிட் நிமோனியாவிலிருந்து மீண்டு 3 மாதமாகியும் மூச்சுத் திணறியவர்கள் சிலரை 2021-ல் ஆக்ஸ்போர்டு, ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாகப் படமெடுத்தார்கள். செனான் என்ற வாயுவைச் சுவாசிக்க வைத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்தார்கள். நோயாளிகள் சொன்னதே சரி. காற்று நுரையீரலுக்குள் போனது. அங்கிருந்து ரத்தத்துக்குப் போவதில்தான் கோளாறு.

சாதாரண எம்.ஆர்.ஐ.யால் இதைக் காட்ட முடியாது. உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞையை வைத்துத்தான் அது படம் உருவாக்குகிறது. நுரையீரலில் இருப்பதோ பெரும்பாலும் காற்று. படத்தில் அந்த இடம் கறுப்பாகவே இருக்கும்.

சமிக்ஞை தரும் வாயுவையே உள்ளே அனுப்பினால் என்ன? 1994-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் செனான்-129 வாயுவைக் கொண்டு எலியின் நுரையீரலைப் படமெடுத்துக் காட்டினார்கள். ரூபிடியம் ஆவியில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதன் மூலம் செனான் அணுக்கருக்களை ஒரே திசையில் அணிவகுக்கச் செய்வதுதான் சூட்சுமம். சமிக்ஞை பல்லாயிரம் மடங்கு பெருகுகிறது.

மனிதர்களிடம் நடந்த ஆரம்பச் சோதனைகளில் அதிகம் பயன்பட்டது ஹீலியம்-3. ஆனால் அது அணு ஆயுதங்களுக்கான டிரிட்டியம் சிதையும்போது கிடைக்கும் அபூர்வ வாயு. அணுப்பொருள் கடத்தலைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கும் அது தேவைப்பட, 2008 வாக்கில் கடும் தட்டுப்பாடு. ஆராய்ச்சியாளர்களின் கவனம் காற்றிலிருந்தே பிரித்தெடுக்கக்கூடிய செனான் பக்கம் திரும்பியது.

அதுவும் நன்மைக்கே. செனான் ரத்தத்தில் கரையும். ஹீலியம் அநேகமாகக் கரையாது. காற்றறையில் ஒரு அலைவரிசை, சவ்வில் இன்னொன்று, சிவப்பணுவில் வேறொன்று என்று செனானின் சமிக்ஞை மாறுகிறது. ஆக்ஸிஜன் செல்லும் பாதையில் தடங்கல் எங்கே என்பது தெரிந்துவிடுகிறது.

நோயாளி 10 முதல் 15 விநாடி மூச்சை அடக்கினால் போதும். கதிர்வீச்சு இல்லாததால் குழந்தைகளுக்கும் திரும்பத் திரும்பச் செய்யலாம். காற்றோட்டத்தைப் படமெடுக்க இந்த வாயுவை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் அனுமதித்தது, முதலில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

சிக்கல், செலவுதான். லேசர் கருவி வேண்டும். செனான் அலைவரிசையைப் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். தயாரித்த வாயுவின் சக்தியும் சீக்கிரமே வடிந்துவிடும் என்பதால் தொலைவிலிருந்து வரவழைக்க முடியாது. இந்த வசதியுள்ள மருத்துவமனைகள் உலகில் சிலவே. மற்ற இடங்களில், நோயாளி சொல்வதை டாக்டர் நம்புவதே வழி.