நட்டவருக்குக் கன்று, காத்தவருக்கு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை அடுத்த சிற்றூர்களில், பாலையும் வீரையும் காயாவும் அடர்ந்த காட்டை ஓர் ஏக்கரில் விட்டுவைத்திருக்கும் உழவரை நாம் என்னவென்று அழைக்கிறோம்? பிழைக்கத் தெரியாதவர் என்றுதானே! அடுத்த வயல்காரர் சவுக்கு நட்டு நான்கைந்து ஆண்டுகளில் காசாக்கிவிடுகிறார். ஆலைக்கு நிலம் விற்றவரோ மாடி வீடே எழுப்பிவிட்டார்.

2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், 23.7 விழுக்காட்டுப் பசுமைப் பரப்பை 33 ஆக உயர்த்த முனைகிறது. நன்று. ஆயினும் கன்று நடும் விழாவுக்குத் திரளும் நாம், நூறாண்டு நின்ற மரத்தின் உடைமையாளரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அரியானாவில் 75 ஆண்டைக் கடந்த மரங்களைப் பேணுவோருக்கென ஆண்டு ஓய்வூதியத் திட்டமே உண்டு. கோஸ்டாரிக்கா நாடு, தன் 1996-ஆம் ஆண்டு வனச்சட்டத்தின் வழி, எரிபொருள் வரியில் ஒரு பங்கைத் தனியார் காட்டுடைமையாளருக்கு வழங்க முன்வந்தது.

கடமைக்குக் கூலியா என வினவுவோர் உளர். அக்கடமை ஆலைகளுக்கும், சென்னையில் குளிர்பதன அறைகளில் வாழும் நமக்கும் இல்லையோ? நிலத்தடியில் ஊறும் நீர் ஊருக்கெல்லாம் பொது. இழப்பு மட்டும் அந்த ஒருவருக்கா? நாட்டு மரங்கள் நிற்கும் ஏக்கருக்கு, அவை நிற்கும் காலம்வரை, ஆலைகளிடம் பெற்று ஆண்டுதோறும் ஒரு தொகை தருக. அது சவுக்கின் வருவாயில் பாதியேனும் இருக்கட்டும். மீதியை அவருடைய பிடிவாதம் பார்த்துக்கொள்ளும்.