மவுஸை அசைத்தால் ஹெட்போன் திக்குவது ஏன்? மேசை மேல் ஓர் அலைவரிசை நெரிசல்

"சார், உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருது." வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன வாக்கியம் இது. நெட் ஸ்பீடு நன்றாகத்தான் இருக்கிறது. லேப்டாப்பும் புதுசு. ஆனால் மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் பாட்டு திக்குகிறது. இல்லையென்றால், பாட்டு ஓடும்போது திரையில் அம்புக்குறி தவளை மாதிரி தாவுகிறது. பழி உடனே ஹெட்போன் மேல் விழும். இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து வேறொன்று வாங்குவார்கள். அதுவும் திக்கும்.

எல்லாம் ஒரே சாலையில்

வயர்லெஸ் மவுஸின் டாங்கிள், புளூடூத் ஹெட்போன், பல வீடுகளில் இன்னும் ஓடும் பழைய வைஃபை ரவுட்டர் எல்லாமே பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை. 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் 2,450-ஐ ஒட்டியே இயங்குகிறது.

ஏன் எல்லோரும் இங்கேயே கூடுகிறார்கள்? இலவசம் என்பதால்தான். 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாட்டில், தொழிற்சாலை, மருத்துவ, ஆய்வுக் கருவிகளுக்காக ஒதுக்கப்பட்ட பகுதி இது. அடுப்பு இரைச்சல் போட்டால் போடட்டும் என்று விட்டுவைத்த இடம் என்றும் சொல்லலாம். 1985இல் அமெரிக்கா இதில் உரிமம் இல்லாத தகவல்தொடர்பை அனுமதித்தது. இந்தியாவில் 2005 ஜனவரியில் உரிமம் தேவையில்லை என்ற விதி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: பக்கத்துக் கருவியின் இடையூறிலிருந்து இங்கே யாருக்கும் பாதுகாப்பு கிடையாது.

புளூடூத் இதற்குத் தயாராகத்தான் வடிவமைக்கப்பட்டது. ஹெட்போனுக்கு ஒலி கொண்டுபோகும் புளூடூத், 79 சிறு தடங்களுக்கு இடையே நொடிக்கு 1,600 முறை தாவும். நெரிசலான தடங்களைக் கண்டுபிடித்து ஒதுக்கும் திறன் 2003இல் சேர்க்கப்பட்டது. மவுஸ் அனுப்புவதும் துளித் துளியான தகவல்தான். ஆக, மவுஸும் ஹெட்போனும் மட்டும் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடும். சண்டையை மூட்டிவிடுவது வேறு ஆள்.

மூன்றாவது ஆள் யார்?

மவுஸ் டாங்கிளுக்குப் பக்கத்தில் என்ன செருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், இப்போது எல்லோரும் வாங்கும் டைப்-சி ஹப் ஆகியவை வேகமாகத் தகவல் கடத்தும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்கை இணைத்தால் அருகில் இரைச்சல் சுமார் 20 டெசிபல், அதாவது 100 மடங்கு வரை உயரலாம் என்று அளந்து காட்டியது. குறைந்த சக்தியில் இயங்கும் மவுஸின் சிக்னல் அதில் காணாமல் போகும். ஹெட்போன் அனுப்பும் 'வந்து சேர்ந்தது' என்ற பதில் லேப்டாப்புக்குக் கேட்காது. அது அனுப்பியதையே திரும்ப அனுப்பும். நம் காதில் திக்கல்.

கண்டுபிடிப்பது சுலபம். ஹார்ட் டிஸ்க்கையோ ஹப்பையோ கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பாட்டு கேட்டால் போதும். திக்கல் நின்றால் ஆள் அகப்பட்டார். யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி, டாங்கிளை மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். கேபிள் வேண்டாம் என்றால் டாங்கிளை மறுபக்க போர்ட்டுக்கு மாற்றலாம். உள்ளே நீல நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. கறுப்பு போர்ட் இருந்தால் டாங்கிளுக்கு அதுவே நல்லது.

அதற்கும் சரியாகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் வைஃபை. பல லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் இருக்கின்றன. ஆண்டெனாவையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் இழுபறி குறையும். லேப்டாப் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் முக்கியம். நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சிவிடும்.

ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மீட்டிங்கில் மைக் ஆன் ஆனதும் ஒலி தட்டையாகி, பழைய டெலிபோன் மாதிரி கேட்டால் அது இடையூறு அல்ல. புளூடூத் இசை முறையிலிருந்து பேச்சு முறைக்கு மாறி, தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போனில் பழைய தரம் திரும்பும்.

நெரிசல் குறையுமா?

2018இல் இந்தியா 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறந்துவிட்டது. 2.4-ஐவிட ஏழு மடங்கு அகலம். 6 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்கா 2020இல் 1,200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. இந்தியா, 5,925 முதல் 6,425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸுக்கு 2025 மே மாதம் வரைவு விதிகளை வெளியிட்டது. இந்த அலைக்கற்றையைச் செல்போன் சேவைக்குத் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வாதம். வைஃபைக்குத்தான் என்பது தொழில்நுட்ப நிறுவனங்களின் வாதம்.

இதில் மவுஸுக்கும் ஹெட்போனுக்கும் என்ன லாபம்? இன்று கடையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை 2.4-லேயேதான் இருக்கும். ஆனால் கனமான வீடியோவைச் சுமக்கும் வைஃபை அங்கிருந்து கிளம்பினால், சாலையில் லாரிகள் குறையும்.