‘பாசம் இருந்தா போதும்’ என்கிற பொய்

பத்து பாகாட்டில் எஸ்.பி.எம். முடித்த ஒரு பெண்பிள்ளை, “கால்நடைத் தாதியாகப் போகிறேன்” என்று வீட்டில் சொன்னால் என்ன பேச்சு கிளம்பும் என்பது நமக்குத் தெரியாததா? “ஏம்மா, நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடவா உன்னைப் படிக்க வெச்சோம்? ஆஸ்பத்திரித் தாதியாப் போனா என்ன?” என்பார் அத்தை. மாமா இளகிய மனசுக்காரர். “விடும்மா, அவளுக்குப் பிராணிங்கன்னா உயிரு. அந்த வேலைக்குப் பாசம் இருந்தா போதும், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்” என்று பரிந்து வருவார்.

அத்தையின் பேச்சைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அறியாமல் பேசுகிறார். மாமாவின் பேச்சுதான் பொல்லாதது. பாசம் போதுமென்றால் பயிற்சி எதற்கு? பயிற்சி இல்லாத ஆளுக்குச் சம்பளம் எதற்குக் கூட்டித் தர வேண்டும்? அவர் பெயரை எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும்? பாராட்டுபோல ஒலிக்கும் அந்த ஒரு வாக்கியம், ஒரு தொழிலின் தலையிலேயே கைவைத்துவிடுகிறது. பிராணி வளர்ப்பவர்கள், கிளினிக் நடத்துபவர்கள், ஏன், அந்த வேலையைச் செய்பவர்களே பலர் இதை நம்புகிறார்கள்.

பெண் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன். நம்மூரில் தினமும் நடப்பது. டாக்டரின் கண் வயிற்றில் திறந்த அந்தச் சிறு வெட்டை விட்டு நகராது. பூனையின் உயிர் அப்போது தலைமாட்டில் நிற்கும் தாதியின் பொறுப்பில் இருக்கிறது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா, வெளுக்கிறதா? தொடையின் உட்புறம் விரல் வைத்தால் நாடி எப்படி ஓடுகிறது? தாடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது? கெட்டமின் என்ற மயக்கமருந்து கொடுத்த பூனை கண்ணை மூடாது. களிம்பு போடாவிட்டால் விழி காய்ந்து புண்ணாகிவிடும். ஆபரேஷன் முடிந்ததும் மூச்சுக்குழாயில் செருகிய குழாயை எடுக்க வேண்டும். நாய் என்றால் அது எச்சில் விழுங்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பூனையிடம் அவ்வளவு நேரம் காத்திருந்தால் தொண்டை இறுகி மூச்சு அடைத்துக்கொள்ளலாம். அதனால் காது துடிக்கும்போதே, இமை அசையும்போதே எடுத்துவிடுவார்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு நேர் எதிர். அவை நன்றாக விழித்துத் தலையைத் தூக்கும்வரை குழாயை முடிந்தமட்டும் விட்டுவைக்க வேண்டும். இதில் எது பாசத்தால் தெரிந்துகொள்ளக்கூடியது?

பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட கிளினிக்குகளில் மயக்கமருந்து கொடுக்கப்பட்ட நாய் பூனைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2008இல் வெளிவந்தது. மயக்கமருந்தால் இறந்த பூனைகள் 0.24 விழுக்காடு, நாய்கள் 0.17 விழுக்காடு. என் மனத்தை விட்டு அகலாதது இன்னொரு செய்தி. இறந்த பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவை ஆபரேஷன் மேசையில் சாகவில்லை. கத்தியெல்லாம் கீழே வைத்த பிறகுதான் செத்தன, அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். நாடியையும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்த பூனைகளுக்கு ஆபத்து குறைவாக இருந்தது. அந்த முதல் மூன்று மணி நேரம்தான் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போய்விடும் நேரம். கூண்டுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்பதில்தான் அந்த உயிர் தொங்குகிறது.

‘வாயில்லா ஜீவன்’ என்று நாம் உருகுகிறோம். வாயில்லாத ஜீவனின் வலியை எப்படிப் படிப்பது என்று உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். மொன்றியால் பல்கலைக்கழகத்தார் 2019இல் பூனையின் முகத்தைக்கொண்டே வலியை அளக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலையின் நிலை என்று ஐந்து இடம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி. மொத்தம் 4 வந்தால் வலிமருந்தைப் பற்றி யோசித்தாக வேண்டும். கூண்டின் மூலையில் சாதுவாகக் குந்தியிருக்கும் பூனையைப் பார்த்து, “பாவம், அமைதியா இருக்கு” என்று பாசக்காரர் தடவிக்கொடுத்துவிட்டுப் போவார். பயின்ற தாதி பாதி மூடிய கண்ணையும் பக்கவாட்டில் திரும்பிய காதையும் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுவார்.

தொலைபேசியை எடுப்பவரும் பெரும்பாலும் அவர்தான். “பூனைக்குக் காய்ச்சல், அரை பனடோல் கொடுக்கட்டுமா?” என்று கேட்பவரிடம், அந்த அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம், அதன் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது என்று அந்த நொடியே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். “கடுவன் பூனை மணல் தட்டில் முக்கிக்கிட்டே இருக்கு, மலச்சிக்கல் போல, நாளைக்குக் கொண்டு வரவா?” என்றால், மூத்திரம் அடைத்திருக்கலாம், பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடக்கூடும், இப்போதே கிளம்புங்கள் என்று விரட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

மிருகத்தோடு போகிற விஷயம்தானே என்பவர்கள் 1998–99ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி நாடே கொசுவை விரட்டிக்கொண்டிருந்தபோது, நிப்பா கிருமி பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தாவிக்கொண்டிருந்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. நோயுற்ற பிராணியை முதலில் தொடுகிற கை கால்நடைப் பணியாளருடையது. அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டாமா?

“டாக்டர் பக்கத்திலேயே இருந்து பழகினால் வந்துவிடும்” என்பார்கள். அப்படிப் பழகித் தேர்ந்தவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே கிளினிக்கில் பழகியவர் அந்தக் கிளினிக்கின் பிழைகளையும் சேர்த்தே பழகிக்கொள்கிறார். பிரிட்டன் 1961இலேயே கால்நடைத் தாதியருக்கென்று முறையான பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1991இல் சட்டத்தைத் திருத்தி, டாக்டரின் பணிப்பின்பேரில் சில சிகிச்சைகளை அவர்களே செய்ய வழிவிட்டது. இன்று அங்கே கால்நடைத் தாதிமையைப் பட்டப்படிப்பாகவும் படிக்கலாம். பாடம் நடத்துபவர்களிலும் ஆராய்பவர்களிலும் தாதியராக இருந்தவர்கள் உண்டு. நம் நாட்டிலோ மனிதருக்கான தாதியருக்கு 1950இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. கால்நடை மருத்துவருக்கு 1974இல் வந்தது. கால்நடைத் தாதிக்கென்று ஒரு தனிச்சட்டம் இன்னும் இல்லை. பாசத்துக்கு யார் சட்டம் எழுதுவார்?

படிக்க இடமில்லை என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஆயர் ஹீத்தாம் வழியாகக் குளுவாங் போகிற சாலையில்தான், குளுவாங்குக்கு முன்னால், மலேசியக் கால்நடைக் கழகம் இருக்கிறது. எத்தனை முறை அதைக் கடந்து போயிருப்போம்! பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரின் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி இந்தத் துறையில் டிப்ளோமாவே தருகிறது. செலவு இருக்கிறது, தொலைவு இருக்கிறது. அதைவிடப் பெரிய தடை, படித்துவிட்டு வந்த பிள்ளைக்கும் தரை துடைக்க வந்தவருக்கும் ஒரே சம்பளம் பேசுகிற முதலாளியும், “பூனைக்குப் போய் இவ்வளவு பில்லா?” என்று கவுண்டரில் பேரம் பேசுகிற நாமும்.

அடுத்த முறை உங்கள் பூனையையோ நாயையோ ஆபரேஷனுக்கு விடும்போது, கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: முடிந்த பிறகு முதல் மூன்று மணி நேரம் பக்கத்தில் இருக்கப்போவது யார், அவர் எங்கே பயின்றார்? பதில் சொல்லத் தடுமாறும் கிளினிக்கில் விடாதீர்கள். தெளிவாகச் சொல்லும் கிளினிக்கில் கூடுதலாகக் கேட்கும் வெள்ளியை முணுமுணுக்காமல் கொடுங்கள்.