கிருத்திகை தெரியாத கணினி

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பர் 14 அன்று அறிவிக்கையாக வந்ததிலிருந்து வணிக வட்டாரத்தில் ஒரே புலம்பல். வாடிக்கையாளரின் பெயர், கைப்பேசி எண், பிறந்த நாள் எதையும் இனி இஷ்டத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ள முடியாதாம்; அப்புறம் இணையத்தில் எப்படித் தொழில் செய்வதாம்? பெருநிறுவனங்கள் சமாளித்துக்கொள்ளும், திருத்தணி மாதிரி ஊரில் விடுதியும் மண்டபமும் பூக்கடையும் நடத்துகிறவர் தலையில் எதற்கு இந்தச் சுமை என்று அவர்கள் சார்பாகவும் சிலர் கண்ணீர் வடிக்கிறார்கள். அந்தக் கண்ணீரில் பாதி, எண்களின் பட்டியலை வாங்கி விற்றுப் பிழைப்பவர்களுடையது. மீதிப் பாதி அறியாமை. வாடிக்கையாளர் யார் என்று தெரிந்தால்தான் சேவை மேம்படும் என்ற நினைப்பே கோளாறானது. அவர் எப்போது வருகிறார், எதைத் தேடுகிறார், எது கிடைக்காமல் திரும்பிப் போகிறார் என்பதுதான் தொழிலுக்கு உதவும் தரவு. அதைச் சேர்க்கப் பெரும்பாலும் பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம்.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் நல்ல இணையச் சேவைகள் எதிலிருந்து உருவாயின என்று பார்த்தாலே இது விளங்கும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள டிக்கெட் உறுதியாக எவ்வளவு வாய்ப்பு என்று ஐ.ஆர்.சி.டி.சி. தளம் 2018 மே இறுதியிலிருந்து காட்டிவருகிறது. அந்தக் கணிப்புக்குத் தீனி பழைய முன்பதிவு, ரத்துக் கணக்குகள். ரத்து செய்தவர் யார் என்பதால் அதற்கு ஒரு பயனும் இல்லை. சென்னை சென்ட்ரலிலிருந்து திருத்தணிக்கு மின்சார ரயிலில் வருகிற பலர் கையில் வைத்திருக்கும் ‘வேர் இஸ் மை டிரெயின்’ செயலி, கைப்பேசிக் கோபுரங்களின் சிக்னலை வைத்து, இணையம் இல்லாத இடத்திலும் வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடும். பயணியின் ஜாதகம் அதற்குத் தேவைப்படவில்லை. இத்தனைக்கும் அதை உருவாக்கிய பெங்களூரு நிறுவனத்தை கூகுள் 2018-ல் விலை கொடுத்து வாங்கியது. அமேசானின் பொறியாளர்கள் தங்கள் பரிந்துரை முறையைப் பற்றி 2003-ல் எழுதிய கட்டுரையும் இதே திசையில்தான் செல்கிறது: ஆளோடு ஆளை ஒப்பிடுவதைவிடப் பொருளோடு பொருளை ஒப்பிடுவது வேகமாகவும் நன்றாகவும் வேலை செய்கிறது என்றார்கள். மறுபக்கம், அதே ஐ.ஆர்.சி.டி.சி. 2022 ஆகஸ்டில் பயணிகளின் தரவைக் காசாக்க ஆலோசகர் வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளி கோரியது. 1,000 கோடி ரூபாய் வரை வருமானம் என்று செய்திகள் வந்தன. எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே, நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் போய், ஒப்பந்தப்புள்ளியைத் திரும்பப் பெற்றுவிட்டோம் என்று சொல்ல வேண்டிவந்தது. ஆட்களை விற்கப் போனபோதுதான் அந்த நிறுவனம் தலைகுனிந்தது.

திருத்தணிக்கு வருவோம். இந்தக் கோயில் ஊரின் வியாபாரம் கிருத்திகை நட்சத்திர நாளைச் சுற்றி ஓடுகிறது. அந்த நட்சத்திரம் சுமார் 27 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆங்கில மாதமோ 30, 31 நாள். அதனால் ஆண்டுக்கு 13 அல்லது 14 கிருத்திகை. ஒவ்வொன்றும் ஆங்கிலத் தேதியில் நழுவிக்கொண்டே போகும், கிழமையும் மாறிக்கொண்டே இருக்கும். வெளியூரில் எழுதி விற்கப்படும் விடுதி மென்பொருள்கள் வழக்கமாக எதை ஒப்பிட்டு வரைபடம் போடுகின்றன? போன மாதம் இதே வாரம், போன வருஷம் இதே மாதம். 2024-ல் ஆடிக் கிருத்திகை ஜூலை 29-ல் வந்தது. 2025-ல் ஆடி மாதத்துக்குள்ளேயே இரண்டு கிருத்திகை, ஜூலை 20-லும் ஆகஸ்ட் 16-லும். காவடிகள் திரண்ட பெருவிழா இரண்டாவதில் நடந்தது. இதைக் கணினி எப்படிப் படிக்கும்? ஜூலையில் வியாபாரம் படுத்துவிட்டது, ஆகஸ்டில் திடீரென எகிறியது என்று படிக்கும். அடுத்த ஜூலையில் தள்ளுபடி கொடுங்கள் என்று யோசனையும் சொல்லும். டிசம்பர் 31 இரவுப் படித் திருவிழா ஒன்றுதான் அதன் அறிவுக்கு எட்டும், அது ஆங்கில நாட்காட்டியோடு பிறந்த விழா என்பதால். இதற்கு மாற்று மருந்து எந்தச் செயற்கை நுண்ணறிவிலும் இல்லை, பாம்புப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. கிருத்திகை, சஷ்டி, செவ்வாய், முகூர்த்த நாள், பள்ளி விடுமுறை ஆகியவற்றை ஓர் அட்டவணையில் வரிசையாகப் போட்டு, அன்றன்று எத்தனை அறை நிரம்பியது, எத்தனை பேர் கேட்டுவிட்டு ‘இல்லை’ என்ற பதிலோடு போனார்கள் என்று எதிரே குறித்துவந்தால் போதும். இரண்டு ஆண்டு குறித்தால் எந்த மென்பொருளும் தராத கணிப்பு கைக்கு வந்துவிடும். இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கணக்குதான் இதில் மிக விலை உயர்ந்தது. எந்த விடுதிப் பதிவேட்டிலும் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

இந்த அட்டவணை கையில் இருந்தால் இணையச் சேவை தானாகவே வேறு முகம் கொள்ளும். கிருத்திகைக்கு முந்தைய இரவுக்கான அறைகள் வழக்கமாக எத்தனை நாள் முன்னதாகத் தீர்ந்துபோகும் என்று முன்பதிவுப் பக்கமே சொல்லும். பூக்காவடிக்கு எப்போது சொல்லிவைத்தால் பூ நியாய விலைக்குக் கிடைக்கும், மலைப்பாதையில் கார்கள் எந்த நேரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கோயில் தரப்பிலும் கணக்கு இருக்கிறது. 2021 செப்டம்பரிலிருந்து திருத்தணியில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. எந்த மணிக்கு எத்தனை இலை விழுந்தது என்பதைவிடச் சுத்தமான கூட்டக் கணக்கு வேறென்ன? முடிகாணிக்கைச் சீட்டுகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். சாப்பிட்டவர் பெயரையும் மொட்டை போட்டவர் முகவரியையும் இவற்றுக்காக யாரும் கேட்கத் தேவையில்லை. இன்னொன்று மொழி. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் காவடி எடுத்து வருகிறவர்கள் நிற்கவில்லை. இந்த ஊர் விடுதி ஒன்று தன் பக்கத்தில் தெலுங்குப் பொத்தான் ஒன்றை வைத்து, எந்தெந்த நாளில் அது அதிகம் அழுத்தப்படுகிறது என்று மட்டும் எண்ணிப் பார்த்தால், அன்றைக்கு வரவேற்பறையில் யாரை உட்கார வைப்பது என்பது தெரிந்துவிடும்.

ஆனால் ஊர் ஊராக நடப்பது என்ன? ஆதாரை நீட்டினால் ஜெராக்ஸ், ஜெராக்ஸுக்கு மேல் கைப்பேசி எண், அதற்கு மேல் ‘வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பிடுங்க’. அந்தப் போட்டோ வரவேற்பறை ஊழியரின் சொந்தக் கைப்பேசியில், குடும்பக் கல்யாணப் படங்களுக்கு நடுவே, அவர் வேலையை விட்டுப் போன பிறகும் கிடக்கும். ஆதார் நகலை விடுதிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே மாதத்தில் எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை. சேர்த்து வைத்த தரவு ஒருநாள் ஒழுகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதே இல்லை. 2021-ல் நம் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்துவிட்டதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. 2024-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தரவு, மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் பாட் வழியாக யாருக்கும் கிடைத்தது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது. கணினிப் பாதுகாப்புக்கென்றே ஆட்களை வைத்திருக்கும் இடங்களின் நிலை இது என்றால், வரவேற்பு மேசை இழுப்பறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

எதிர்வாதங்களுக்கு அதிக நேரம் தேவைப்படாது. எண் இல்லாமல் வாடிக்கையாளரைத் திரும்ப எப்படி அழைப்பது என்கிறார்கள். அறையை உறுதிசெய்ய எண் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். அறை காலியானதும் அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு தீபாவளிச் சலுகையும் வீட்டுமனை விளம்பரமும் அனுப்பினால் அந்த வாடிக்கையாளர் உங்களை பிளாக் செய்வார், திரும்பி வரமாட்டார். சட்டத்தின் 6-ஆவது பிரிவு சொல்வதும் இதைத்தான்: குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும். பில் போட எண்ணைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதத்திலேயே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போலீஸ் கேட்கும் என்பது இன்னொரு சாக்கு. போலீஸுக்காக வைத்திருக்கும் பதிவேடு போலீஸுக்கு மட்டும் திறக்கட்டும், விளம்பரக்காரருக்கு எதற்கு? அரசு மட்டும் தனக்கு விலக்கு வைத்துக்கொண்டதே என்ற கோபம் நியாயமானதுதான். அதற்காக நீதிமன்றம் போகலாம். அந்தக் கோபம் கடைக்காரருக்கு உரிமமாகிவிடாது.

சற்று கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு, அது திருமலை. பக்கத்து மலையில் 300 ரூபாய் தரிசனச் சீட்டு முதல் அறை வரை எல்லாமே ஆதாரோடு பிணைக்கப்பட்ட முன்பதிவு. 2023 மார்ச் முதல் முகம் அறியும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. தரகர்கள் ஒரே டோக்கனை மறுபடி பயன்படுத்துவதையும் அறைகளைப் பதுக்குவதையும் தடுக்க ஆளை அடையாளம் காண்பது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 இரவு திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்குக் காத்திருந்த நெரிசலில் 6 பேர் செத்தார்களே, அன்று அந்த முகக்கணக்கு எங்கே போனது? அந்த இடத்துக்கு வேண்டியிருந்தது எந்த மையத்தில், எந்த மணிக்கு, எத்தனை பேர் என்ற வெறும் தலைக்கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் திருமலையில் திறக்கப்பட்ட கட்டளை மையத்தின் முதல் வேலையே கூட்டத்தையும் வரிசை நகரும் வேகத்தையும் கணிப்பதுதான். ஆறு உயிர் போன பிறகு வந்த ஞானம். திருத்தணிக்கு அந்த விலை கொடுக்காமலேயே அது கிடைக்கும்.

சின்ன வியாபாரியிடம் தரவே இல்லை என்பதும் பொய். 2025 ஆகஸ்டில் யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. நாடு முழுவதும் பிறந்த குழந்தை முதல் எல்லோரையும் சேர்த்து எண்ணினாலும் தலைக்கு மாதம் 13, 14 முறை. மலையடிவாரத்துத் தேங்காய்க் கடையில் ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும் சவுண்ட்பாக்ஸ் ஒவ்வொரு விற்பனைக்கும் நேரமும் தொகையும் குறித்துவைக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்துத்தான் செயலி நிறுவனம் அந்தக் கடைக்காரருக்கே கடன் கொடுக்கலாமா என்று முடிவு செய்கிறது. கடைக்காரர் மட்டும் அதைத் திறந்து பார்ப்பதில்லை! தன் கணக்கு அறிக்கையை மணி வாரியாகப் பிரித்து, பக்கத்தில் கிருத்திகையைக் குறித்துப் பார்க்க அவருக்கு ஆலோசகரும் வேண்டாம், ஒருவருடைய எண்ணும் வேண்டாம்.

அறநிலையத் துறை அன்னதான இலை, முடிகாணிக்கைச் சீட்டு, மலைப்பாதை வாகனம் மூன்றின் மணி வாரிக் கணக்கைப் பெயரில்லாமல் பொதுவெளியில் போடட்டும். விடுதிக்காரர்கள் தங்கள் நிரம்பல் கணக்கையும் திருப்பி அனுப்பிய கணக்கையும் அதோடு சேர்க்கட்டும். இதைச் செய்துவிட்டால், அறை முன்பதிவில் கமிஷன் வெட்டும் பெரிய தளங்கள் திருத்தணிக்கு வந்து இந்தக் கணக்கை விலைக்குக் கேட்கும் நாள் தொலைவில் இல்லை. பழனியும் திருச்செந்தூரும் இதைப் பார்த்துத்தான் தங்கள் பக்கங்களைத் திருத்தி எழுதும். சட்டத்தின் முக்கியக் கடமைகளுக்குத் தரப்பட்ட 18 மாத அவகாசம் 2027 மே மாதத்தில் முடிகிறது. அதற்கு முன் வருவது ஒரே ஓர் ஆடிக் கிருத்திகை.