உறிஞ்சினால் இளைக்காது

லைப்போசக்‌ஷன் என்பது தோலுக்கும் தசைக்கும் நடுவே படிந்திருக்கும் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை. தோலில் ஓர் அரிசி நீளத்துக்கு வெட்டு. அதன் வழியே நுனி மழுங்கிய உலோகக் குழாய். அதை மருத்துவர் திரும்பத் திரும்ப முன்னும் பின்னும் செலுத்த, கொழுப்பு உடைந்து பாட்டிலில் வந்து சேரும். வெளியே தெரியும் காயம் சிறியதுதான். ஆனால் தோலுக்கடியில், வயிறு முழுக்க, சுரங்கம் சுரங்கமாக ஒரு பெரிய காயம் கிடக்கிறது. "காலையில் போய் மாலையில் தொப்பை இல்லாமல் வரலாம், எடை குறையும், சர்க்கரையும் கட்டுக்குள் வரும்" என்ற நம்பிக்கை அந்த வெளிக்காயத்தை மட்டும் பார்த்துப் பிறந்தது.

வயிற்றில் கொழுப்பு தங்கும் இடங்கள் இரண்டு. விரலால் பிடித்தால் கையில் சிக்குவது தோலடிக் கொழுப்பு. தசைச் சுவருக்குப் பின்னால், குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிவது மற்றொன்று. நடுவயது ஆண்களுக்குப் பானையைக் கவிழ்த்ததுபோல் கெட்டியாகத் துருத்தி நிற்கும் தொப்பையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது கொழுப்புக்கு. சர்க்கரை நோயோடும் மாரடைப்போடும் அதிகம் உறவாடுவதும் இதுவே. குழாய் அங்கே போகாது. தவறிப்போய் நுழைந்தால் குடலைத் துளைக்கும். பிரசவத்துக்குப் பின் தொங்கும் வயிற்றின் கதை வேறு. அங்கே தளர்ந்த தோலும் விலகிய தசையும்தான் பெரும்பாலும் காரணம். அடியிலிருக்கும் கொழுப்பையும் எடுத்துவிட்டால் அந்தத் தோல் இன்னும் தொய்ந்துபோகும்.

எடைக் கணக்கும் ஏமாற்றமே தரும். ஒரு லிட்டர் கொழுப்பு ஏறக்குறைய 900 கிராம். ஒரே அமர்வில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பெரிய அளவு என்று வகைப்படுத்தி, மருத்துவமனையில் இரவு தங்கவைத்துக் கவனிக்கச் சொல்கிறார்கள். அந்த 5 லிட்டரிலும் மேலே மஞ்சளாக மிதப்பதுதான் கொழுப்பு. அடியில் சிவப்பாக நிற்பது உள்ளே செலுத்திய திரவமும் இரத்தமும். முதல் சில நாள் வீக்கத்தால் தராசு முன்னைவிடக் கூடுதலாகவே காட்டக்கூடும்.

சர்க்கரை குறையும் என்பதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சோதித்தே பார்த்தார்கள். உடல் பருமனான 15 பெண்களுக்கு ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பு எடுக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்தும் அவர்களின் இரத்த அழுத்தமோ, இரத்தக் கொழுப்போ, இன்சுலின் வேலை செய்யும் திறனோ மேம்படவில்லை. ஆய்வு 2004இல் வெளிவந்தது. கொலராடோவில் நடந்து 2011இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், எடுத்த கொழுப்பின் அளவு ஓராண்டில் உடலுக்குத் திரும்பியிருந்தது. தொடையில் எடுத்தது தொடைக்கு வரவில்லை; வயிற்றுக்குப் போயிருந்தது. தொடையழகுக்குப் பணம் கட்டித் தொப்பை வாங்கியதற்குச் சமம்.

ஆபத்தின் வரலாறு சிகிச்சையின் வரலாற்றைவிடப் பழையது. 1920களில் பிரான்சில் ஷார்ல் துஜாரியே என்ற அறுவை மருத்துவர் ஒரு நடனப் பெண்ணின் காலை மெலிதாக்கச் சுரண்டு கருவியால் கொழுப்பை அகற்ற, இரத்தக் குழாய் சேதமாகிக் காலையே வெட்ட நேர்ந்தது. 1970களில் இத்தாலிய மருத்துவர்களான ஃபிஷர்கள் உறிஞ்சு குழாயையும் பிரான்சின் மருத்துவர் இலூஸ் மழுங்கிய குழாயையும் கொண்டுவந்தார்கள். 1980களில் கலிஃபோர்னியாவின் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன், உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னும் இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து கொழுப்பில் நிரப்பும் முறையை வகுத்தார். இரத்தப் போக்கு வெகுவாகக் குறைந்தது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் இம்முறையில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை லிடோகெய்ன் செலுத்துகிறார்கள். வழக்கமான உச்சவரம்பு 7தான். அது மெதுவாக ஊறி இரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது சுமார் 12 மணி நேரம் கழித்து. மாலையில் வீடு திரும்பியவர் அப்போது கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பார். வாயைச் சுற்றி மரத்துப்போவதும் காதில் ரீங்காரமும் லிடோகெய்ன் அளவு மீறியதன் முதல் அறிகுறிகள்.

1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் நடந்த சுமார் 5 லட்சம் அறுவைகளைக் கணக்கெடுத்தபோது 95 பேர் இறந்திருந்தார்கள்: 5,000 பேருக்கு ஒருவர். ஏறக்குறைய கால்வாசி மரணங்களுக்குக் காரணம் காலில் உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்தது. 2001இல் வெளியான இன்னொரு கணக்கு இதைவிடப் பெரிய பாடம். லைப்போசக்‌ஷன் மட்டும் என்றால் சுமார் 47,000 பேருக்கு ஒரு மரணம். வயிற்றுத் தோல் நீக்கமும் சேர்ந்தால் சுமார் 3,300 பேருக்கு ஒன்று. "ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம்" என்ற பேக்கேஜ் தள்ளுபடியின் மறுபக்கம் இந்த எண்தான்.

குணமாகும் காலத்தைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை. முதல் இரவும் அடுத்த நாளும் துளைகளிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிந்துகொண்டே இருக்கும். படுக்கையில் ரப்பர் ஷீட்டும் பழைய துண்டுகளும் வேண்டும். இறுக்கமான அழுத்த உடையை நான்கு முதல் ஆறு வாரம் வரை, பெரும்பாலும் இரவும் பகலுமாக அணிய வேண்டும். சித்திரை வெயிலில் அது என்ன பாடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குளிப்பதற்காக முதல் தடவை அதைக் கழற்றும்போது தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. முக்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். வயிற்றின் கன்றல் இறங்கித் தொடைவரை நீலம் பாரிக்கும். வீக்கம் முழுதும் வடிந்து வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மேடுபள்ளங்கள் சிலருக்கு நிலைத்துவிடும்.

நம் வீட்டு வழக்கங்கள் இரண்டு இங்கே நேர்மாறாக வேலை செய்யும். "ஆபரேஷன் ஆன உடம்பு, அசையாமல் படு" என்பது ஒன்று. அசையாத காலில்தான் இரத்தம் உறையும். அன்று மாலையே கைத்தாங்கலாக நடக்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் மற்றொன்று. தோல் வாரக்கணக்கில் மரத்திருக்கும். சூடு உறைக்காமலே வெந்துபோகும்.

வீக்கமும் வலியும் இயல்பு என்று காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, முதல் மூன்று நாளுக்குள் குழப்பமான பேச்சும் மார்பில் குண்டூசித்தலை அளவுச் சிவப்புப் புள்ளிகளும், நேரம் ஆக ஆகக் கூடும் வயிற்று வலி, காய்ச்சலோடு பரவும் சிவப்பு. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சரியான எடைக்கு அருகில் இருந்து, உடற்பயிற்சிக்கும் அசையாத ஓரிடத்துக் கொழுப்பால் சங்கடப்படுபவருக்கு இது பயனுள்ள சிகிச்சைதான். அவரும் கருத்தடை மாத்திரை, ஆஸ்பிரின், சிகரெட், நாட்டு மருந்து எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "காஸ்மெடிக் சர்ஜன்" என்ற பலகையை நம்பாமல், எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற பட்டமும் மருத்துவ கவுன்சில் பதிவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மயக்க மருத்துவர் யார், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா என்று கேட்க வேண்டும். அறுவை முடிந்த இரவில் எந்த மருத்துவரை எந்த எண்ணில் அழைப்பது என்று எழுதி வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.