கால் அளவும் ஆள் அழகும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் அந்த ஆடைப் பாதியில் ஓர் அங்குலத்தை மட்டும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பேண்ட்டின் கீழ் ஓரம் காலில் எந்த இடத்தில் வந்து முடிகிறது என்பதைத்தான் சொல்கிறேன். காலை நேரத்தில் தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும் கூட்டத்தை ஒரு நாள் சற்றே குனிந்து பாருங்கள். உயர்ந்த துணி, நன்றாகத் தேய்த்த இஸ்திரி மடிப்பு, பளபளக்கும் ஷூ, எல்லாம் இருக்கும். ஆனால் பலருக்குத் துணி ஷூவின் மேல் சுருண்டு கிடக்கும். சிலருக்கு வாய்க்கால் தாண்டப் போகிறவரைப் போல் மேலேறி நிற்கும்.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓரத்தின் உயரத்துக்கு அர்த்தம் உண்டு என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? மடித்துக் கட்டிய வேட்டியோடு வேலை செய்பவர், எதிரே பெரியவர் வந்தால் சட்டென்று இறக்கி விடுகிறார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் வேட்டி கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தால், தாய்மாமன் ஓடி வந்து சரி செய்கிறார். புடவையின் கீழ் ஓரத்துக்கு ஃபால்ஸ் தைக்காமல் நம் வீட்டுப் பெண்கள் கட்டுவதில்லை. இத்தனை நுணுக்கம் தெரிந்த நாம், பேண்ட் என்று வந்ததும் கடைக்காரர் கொடுத்த நீளத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம்.

காந்தியடிகள் உடையின் நீளத்தையா பார்த்தார் என்று சிலர் வாதிடலாம். பார்த்தார் என்பதுதான் உண்மை. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் முழங்காலளவுத் துண்டுக்கு மாறியது, ஏழைகளுக்கு அதற்கு மேல் துணியில்லை என்பதை எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு. 1931இல் லண்டனில் மன்னரைச் சந்தித்தபோதும் அந்த அளவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அவர் தேர்ந்தெடுத்த நீளம் அது. நம் பேண்ட்டின் நீளமோ பெரும்பாலும் தேர்ந்தெடுக்காமல் விட்ட நீளம். நான் குறை சொல்வது அந்த அலட்சியத்தைத்தான்.

இனி அழகுக் கணக்குக்கு வருவோம். பார்ப்பவர் கண் இடுப்பிலிருந்து ஷூ வரை ஒரே கோடாக ஓடுகிறது. அந்தக் கோடு தடையில்லாமல் இறங்கினால் கால் நீளமாகத் தெரியும். துணி அதிகமாகி ஷூவின் மேல் இரண்டு மூன்று மடிப்பாக விழுந்தால், ஒவ்வொரு மடிப்பும் குறுக்குக் கோடாகி காலை வெட்டிக் காட்டும். முன்பக்க இஸ்திரிக் கோடும் கோணிப் போகும். உயரம் குறைந்தவர்களில் பலர், நீளமான பேண்ட் தம்மை உயரமாகக் காட்டும் என்று நம்புகிறார்கள். நடப்பது நேர் எதிர். அண்ணனின் உடையைப் போட்டுக்கொண்ட தம்பி போல்தான் தெரிவார்கள். அவர்களுக்கு ஓரம் ஷூவை இலேசாகத் தொட்டு நிற்பதே நல்லது. கீழே மடித்து வெளியே பட்டை தெரியத் தைப்பதும் அவர்களுக்கு வேண்டாம்; அது காலை மேலும் குட்டையாக்கும். நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லியான அன்பர்களுக்கு அதே பட்டை பொருந்தும். அவர்களுக்கு ஒரு மடிப்பு விழுந்தாலும் குற்றமில்லை. குட்டையான பேண்ட்தான் கூடாது.

பாட்டத்தின் அகலமும் நீளத்தோடு சேர்ந்த கணக்குத்தான். 1970களில் பெல்பாட்டம் தெருவைக் கூட்டிக்கொண்டு போனது. அகலமான பாட்டம் ஷூவை மூடிக்கொண்டு விழுவதால் அந்த நீளத்தை அது தாங்கியது. குறுகலான பாட்டம் ஷூவின் மேலேயே உட்கார்ந்துவிடும். ஆகவே அதற்கு நீளம் குறைய வேண்டும். பெல்பாட்டத்தின் நீளத்தைக் குறுகலான பாட்டத்துக்கு வைத்தால் கணுக்காலில் துணி மூட்டையாகச் சேரும்.

தொந்தி விழுந்த நடுவயது அன்பர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழே பேண்ட் இறங்க இறங்க, கீழ் ஓரமும் கூடவே இறங்குகிறது. மேலே உடம்பு நீண்டும் கீழே கால் குறுகியும் தெரிவதற்கு இதுவே காரணம். ஒன்று, பேண்ட்டை உரிய இடத்தில் ஏற்றிப் போட வேண்டும்; அல்லது போடுகிற இடத்துக்கு ஏற்ப நீளத்தைக் குறைக்க வேண்டும்.

அளவு கொடுப்பதிலும் முறை இருக்கிறது. எந்த ஷூவோடு அணியப் போகிறோமோ அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடுக்க வேண்டும். செருப்போடு போய் அளவு கொடுத்தால் ஷூ போட்டதும் பேண்ட் மேலேறிவிடும். நிமிர்ந்து நேரே பார்த்து நிற்க வேண்டும்; குனிந்து பார்த்தால் அளவு மாறும். இரண்டு கால்களையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள், எல்லோருக்கும் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பருத்தித் துணியானால் ஒரு முறை நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள். உள்ளே ஒன்றரை அங்குலமாவது துணி மடித்து விடச் சொல்லுங்கள், பின்னால் இறக்க வேண்டி வந்தால் உதவும். பின்பக்கம் முன்பக்கத்தைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்.

அழகு வேண்டாம் என்பவர்கள்கூட இதை அலட்சியம் செய்ய முடியாத இடம் ஒன்று உண்டு. வயது ஏற ஏற முதுகெலும்பின் இடைவட்டுகள் தேய்ந்து உயரம் சற்றுக் குறைவது இயல்பு. நம்மில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர், பணியில் இருந்தபோது தைத்த பேண்ட்டையே இன்றும் அணிகிறார்கள். உயரம் குறைந்தது, உடம்பும் மெலிந்தது, பேண்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. குதிகாலுக்குக் கீழே போன துணியை மிதித்துப் படிக்கட்டில் தடுமாறினால், அந்த வயதில் ஓர் எலும்பு முறிவு எத்தனை மாதப் படுக்கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மும்பை மழைக்காலத்தில் நனைந்து கனத்த ஓரம் இன்னும் ஆபத்து. லோக்கல் ரயிலில் ஏறி இறங்கும்போதும், எஸ்கலேட்டரிலும் கேட்கவே வேண்டாம். வீட்டில் பெரியவர் இருந்தால், அவருடைய பேண்ட்டுகளை எடுத்து அவர் காலோடு வைத்து ஒருமுறை பாருங்கள். பிள்ளைகள் செய்ய வேண்டிய கடமை இது.

இதற்கெல்லாம் ஆகும் செலவுதான் எவ்வளவு? இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ரெடிமேட் பேண்ட் வாங்குகிறோம். அதைச் சரிசெய்யச் சில பத்து ரூபாய் கேட்டால் பேரம் பேசுகிறோம். ரெடிமேட் வந்த பிறகு, மாடிப்படியின் அடியிலும் கடை ஓரத்திலும் ஒரு மெஷினோடு உட்கார்ந்திருக்கும் தையல்காரருக்கு மிஞ்சியிருப்பது இந்த ஆல்ட்ரேஷன் வேலைதான். அவர் கத்தரித்துத் தைக்கும் அந்த ஓர் அங்குலம்தான் கம்பெனி தைத்த பேண்ட்டை நம்முடைய பேண்ட்டாக்குகிறது. ஊரிலிருந்து முதல் இண்டர்வியூவுக்கு வந்து நம் வீட்டில் தங்கும் தம்பிக்குப் புதுச் சட்டை வாங்கித் தர நமக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். அவன் கொண்டுவந்த பேண்ட்டைத் தையல்காரரிடம் அழைத்துப்போய் அளவாக்கித் தர வசதி இல்லாதவர் நம்மில் யாரும் இல்லை.

ஆகவே அன்பர்களே, அடுத்த பொங்கல் விழாவுக்குப் புதுத் துணி எடுக்கும் முன், அலமாரியில் இருக்கும் பழைய பேண்ட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஷூவும் அணிந்து, கண்ணாடி முன் நின்று பாருங்கள். சரியில்லாததை ஒரு பையில் போட்டுத் தெருமுனைத் தையல்காரரிடம் கொண்டு போங்கள். புதிதாக நாலு உருப்படி வாங்கினால் கிடைக்காத எடுப்பு அந்த ஒரு பையில் திரும்பி வரும்.