'எல்லாம் பொய்டா' என்று சொல்லாதீர்கள்!

2025 ஏப்ரல் 20. ஈஸ்டர் ஞாயிறு. சம்பா கோவிலில் நள்ளிரவுப் பூசை பார்த்துவிட்டு வந்தவர்கள் அப்போதுதான் கண் அசந்திருப்பார்கள். விடியற்காலை நாலரை மணிக்குப் புதுச்சேரியில் சில வீடுகளில் மட்டும் டி.வி. வெளிச்சம்! அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்தில் 'ரெஸில்மேனியா' ஆரம்பமாகும் நேரம் அது. அங்கே சனிக்கிழமை மாலை; நமக்கு ஞாயிறு அதிகாலை.

இரண்டு நாள் திருவிழா. ஆண்களுக்கு உலக சாம்பியன் பட்டம், பெண்களுக்கு உலக சாம்பியன் பட்டம், ஜோடிகளுக்கு ஒரு பட்டம், இன்டர்கான்டினென்டல் பட்டம் என்று வரிசையாகப் போட்டிகள். சில பெல்ட்டுகள் கை மாறின, சில மாறவில்லை. கடைசியில் கோடி ரோட்ஸைச் சாய்த்து ஜான் சீனா 17-வது முறையாக உலக சாம்பியன் ஆனார். உங்கள் வீட்டில் பத்து வயதுப் பையன் இருந்தால், இதையெல்லாம் அவனிடமே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். வாய்ப்பாடு தடுமாறும், இது தடுமாறாது!

இந்த மாதிரி நேரத்தில் வீட்டில் இரண்டு குரல் கேட்கும். அம்மா, "விடிஞ்சும் விடியாம இந்தக் கண்றாவியைத்தான் பார்க்கணுமா?" என்பார். அப்பா கொட்டாவி விட்டபடி, "எல்லாம் பொய்டா. முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு நடிக்கிறானுங்க" என்பார்.

அம்மா சொல்வதில் ஆபத்தில்லை. அப்பா சொல்வதில்தான் இருக்கிறது. என்ன, தலைகீழாகச் சொல்கிறேன் என்று தோன்றுகிறதா? பையனின் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பாவே பொய் என்கிறார். பொய் என்றால் அடி நிஜமாகப் படவில்லை. அடி படவில்லை என்றால் தம்பி மேல் செய்து பார்க்கலாம். கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். வேறென்ன வேண்டும்?

உண்மை என்ன? யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டதுதான். இது ரகசியமும் இல்லை. 'இது போட்டி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்கு' என்று 1989-ல் நியூஜெர்ஸி மாநில செனட்டிடம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பே சொல்லிவிட்டது (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.தான் அது). விளையாட்டு ஆணையத்தின் கெடுபிடிகளில் இருந்து தப்பிக்கத்தான் அந்த ஒப்புதல் என்பது வேறு கதை. ஆனால் முடிவு பேசி வைத்தது என்பதால், விழுவது பேசி வைத்ததாகி விடாது. நூறு கிலோ மனிதர் ஆறடி உயரத்தில் இருந்து விழுந்தால், விழுந்ததுதான். பூமியின் ஈர்ப்பு விசைக்கு நடிக்கத் தெரியாது.

அந்த ரிங்கை மெத்தை என்று நினைத்து விடாதீர்கள். இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, பலகை மேல் மெல்லிய ஃபோம், அதை இழுத்துக் கட்டிய கான்வாஸ் துணி. அவ்வளவுதான். அதில் விழுவதற்கு மட்டுமே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். தாடையை மார்போடு ஒட்டி வைத்து, பின் தலை தரையில் படாமல் காத்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். அடி ஓர் இடத்தில் இறங்காமல் பரவிவிடும். தூக்கப்படுகிறவரும் சும்மா இருப்பதில்லை. தானும் எம்பிக் கொடுக்கிறார். எதிரி மாதிரி தெரிகிற இருவரும் உண்மையில் ஒருவர் கழுத்தை இன்னொருவர் காப்பாற்றிக் கொண்டிருக்கிறார்கள்!

அப்படிப்பட்டவர்களுக்கே தவறிவிடும். 1997 ஆகஸ்டில் 'சம்மர்ஸ்லாம்' நிகழ்ச்சி. இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்கு ஸ்டீவ் ஆஸ்டினும் ஓவன் ஹார்ட்டும் மோதினார்கள். ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து அப்படியே உட்கார்ந்தார் ஹார்ட். 'பைல் டிரைவர்' என்று உங்கள் பையன் சொல்வது இதைத்தான். தலை தரையில் படாமல் தொடைகளுக்கு நடுவே கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். சில அங்குலம் பிசகியது. ஆஸ்டினின் உச்சந்தலை நேராகத் தரையில் மோதியது. கொஞ்ச நேரம் அவருக்குக் கை கால் அசையவில்லை. எப்படியோ சமாளித்து, பேசி வைத்தபடி பட்டத்தை ஜெயித்தார். கூட்டம் கை தட்டியது. பிற்பாடு கழுத்தில் ஆபரேஷன். 2003-ல் ஓய்வே பெற்றுவிட்டார். இருவருமே பல வருட அனுபவசாலிகள் என்பதை மறக்காதீர்கள்.

தலையில் திரும்பத் திரும்ப வாங்கிய அடி இன்னும் மோசம். 2007-ல் கனடா வீரர் கிறிஸ் பென்வா மனைவியையும் 7 வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் உயிரை மாய்த்துக் கொண்டார். அவர் மூளையைச் சோதித்த டாக்டர்கள், பல வருடம் பட்ட அடிகளால் அது மிக மோசமாகச் சேதமடைந்திருந்ததாகச் சொன்னார்கள். அந்தக் கொடூரத்துக்கு அது ஒன்றேதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2010-ல் தலையில் நாற்காலியால் அடிப்பதை நிறுவனமே தடை செய்தது. பொய் அடிக்கு யாராவது தடை போடுவார்களா?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பிரெஞ்சுக்காரன் இரண்டு தனிச் சொல் வைத்திருக்கிறான். ஒலிம்பிக்கில் நடப்பது 'லுத்'. இந்த டி.வி. ரகம் 'கேட்ச்'. உங்கள் தெருவில் சொல்தா பென்ஷன் வாங்கும் தாத்தா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். முதலாவது விளையாட்டு, இரண்டாவது வேடிக்கைக் கூத்து என்று பிரித்துச் சொல்வார். ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு அறிஞர் 1957-ல் வந்த தன் புத்தகத்தின் முதல் கட்டுரையையே இந்த 'கேட்ச்' பற்றித்தான் எழுதினார். நம்மிடம் இரண்டுக்கும் ஒரே 'குஸ்தி'தான். தாரா சிங் – கிங்காங் காலத்தில் இருந்தே குழப்பம்! நிஜ மல்யுத்தத்தில் எதிராளியைத் தலை குத்தாகத் தரையில் இறக்கினால் அது குற்றம். டி.வி. குஸ்தியில் அதற்குத்தான் விசில்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அவனை மாதிரி ஆகணும்" என்று பையன் ஆசைப்படும் அந்த ராட்சத உருவங்கள் எல்லாம் ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை. பிரான்ஸில் பிறந்த 'ஆந்த்ரே தி ஜெயன்ட்' அப்படி வளர்ந்ததற்குக் காரணம் 'அக்ரோமெகாலி' என்ற நோய். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது. 1993-ல் பாரிஸில் இறந்தபோது அவருக்கு 46 வயதுதான். நம் இமாச்சலத்து 'கிரேட் காலி'க்கும் அதே சுரப்பியில் கட்டி. 2012-ல் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். (பெரியவர்களில் யாருக்காவது மோதிரமும் செருப்பும் வருடா வருடம் பத்தாமல் போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.) வேறு சிலரின் புஜபலம் ஸ்டீராய்டு தந்தது. 1994-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஹல்க் ஹோகனே சாட்சிக் கூண்டில் நின்று, தான் பயன்படுத்தியதைச் சொன்னார்.

அப்படியென்றால் டி.வி.யை அணைத்து விடலாமா? வேண்டாம். நீங்கள் அணைத்தால் பக்கத்து வீட்டில், இல்லாவிட்டால் செல்போனில் பார்ப்பான். நான் சொல்வது, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். "பாரு, தாடையை எப்படி உள்ளே வச்சுக்கிறான்! இவன் தானே எம்பிக் குதிக்கிறான் கவனிச்சியா?" என்று காட்டிக் கொடுங்கள். ஜெயிப்பது பேசி வைத்தது, விழுவது நிஜம், அதற்குப் பல வருடப் பயிற்சி, பக்கத்திலேயே டாக்டர் — இதைப் பத்து வயதுப் பையன் நன்றாகவே புரிந்து கொள்வான். கட்டிப் புரள ஆசை அடங்காவிட்டால் ஜூடோ வகுப்பில் சேருங்கள். அங்கே ஆரம்பப் பாடமே விழக் கற்றுக் கொள்வதுதான்.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். அவர்களுக்கு உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் தலை பெரிது. கழுத்துத் தசைக்குப் பலம் போதாது. எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் தளர்வு. அண்ணன் தூக்கிப் போட்டால் கழுத்துதான் முதலில் வாங்கும். 1999-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு 6 வயதுச் சிறுமி இறந்து போனாள். டி.வி. குஸ்தியைச் செய்து பார்த்ததில் நடந்து விட்டது என்பதுதான் 12 வயதுப் பையன் சார்பில் சொல்லப்பட்ட வாதம். ஜூரிகள் அதை நம்பவில்லை. நம்பியிருந்தாலும் அவள் திரும்பி வரப் போவதில்லை.

மீறி வீட்டில் நடந்து விட்டதா? கழுத்து வலி, கை கால் மரத்துப் போவது, அசைக்க முடியாமை — இதில் எது இருந்தாலும் குழந்தையைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். விழுந்த இடத்திலேயே, தலை ஆடாமல் இரண்டு பக்கமும் கையால் தாங்கிப் பிடித்துக் கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். 'சுளுக்குதான், உருவி விட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது கிளம்பினால் கிட்டவே விடாதீர்கள். தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், சம்பந்தமில்லாமல் பேசினாலும், எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

அண்ணன்காரன் பயத்தில், "படியில விழுந்துட்டான்" என்றுதான் சொல்வான். அடிக்காமல், அதட்டாமல் கேளுங்கள். தலைகீழாகப் பிடித்துப் போட்டானா, கட்டிலில் இருந்து மேலே குதித்தானா என்பது கோரிமேட்டில் ஜிப்மர் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். எந்த இடத்தை எக்ஸ்ரேயில் தேடுவது என்பது அதைப் பொறுத்துத்தான்.